சிப்பி அரங்கத்து மழைக்காரர்

தம் ஒரே மகளின் திருமணத்திற்குப் போகாமலிருப்பது எப்படி என்பதுதான் நிராசாவா கோசுகேயின் கவலையாக இருந்தது. மகளிடம் அவருக்கு மனத்தாங்கல் இல்லை. மாப்பிள்ளையைப் பிடிக்காமலும் இல்லை. வானத்தோடுதான் அவருக்குப் பகை.

"நான் வந்தா மழை வரும், சுமியே. இது உனக்குத் தெரியாததா?" என்றார், காலைச் சோற்றுக் கிண்ணத்தை ஏந்தியபடி.

"வரட்டுமே. அரங்கத்துக்கு மேலேதான் அவ்வளவு பெரிய கூரை இருக்கே" என்றாள் மனைவி.

"கூரையை மூடிவெச்சுக் கல்யாணம் பண்றதுக்கு அரங்கம் எதுக்கு? மீன் சந்தையிலயே பண்ணலாமே. அங்கயும் கூரை இருக்கு, விருந்துக்கு மீனும் இருக்கு."

சுமியே சூடே இல்லாத சூப்பை நெடுநேரம் ஊதிக்கொண்டிருந்தாள்.

அந்த ஊரில் ஒருவரை மழைக்காரர் என்று நாலு பேர் சொல்லிவிட்டால் அது அவருடைய சாதகத்தில் எழுதியதற்குச் சமம். நிராசாவாவைப் பள்ளிப் பருவத்திலேயே அப்படிச் சொல்லிவிட்டார்கள். அவர் சென்ற சுற்றுலாக்களெல்லாம் பேருந்துக்குள்ளேயே தொடங்கிப் பேருந்துக்குள்ளேயே முடிந்தன. அவருடைய திருமணத்தன்று விருந்தினர்க்கு முன்னதாகச் சூறாவளி வந்து சேர்ந்தது. அன்று எடுத்த குடும்பப் படத்தில் மணமகளின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் யாருடைய குடையோ விரிந்திருக்கிறது. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் அவர் பணியாற்றிய காலத்தில் அணைக்கட்டு வற்றியபோது, சக ஊழியர்கள் அவரை அணைக்கரைக்கு வனபோசனத்திற்கு அழைத்துப் போனார்கள். சோற்றுப் பொட்டலத்தை அவிழ்ப்பதற்குள் தூறல் விழுந்துவிட்டது. அதன்பின் அந்தப் பிரிவில் அவரைப் பொறியாளர்களைவிட மேலாக மதித்தார்கள்.

அத்தகைய மனிதர் கூரை திறந்து மூடும் அரங்கத்திற்கு மாற்றலாகி வந்ததுதான் விதியின் குறும்பு.

கடலோரத்தில் பிரம்மாண்டமாகப் படுத்திருந்த அந்த அரங்கத்தை ஊரார் 'சிப்பி' என்றே அழைத்தார்கள். கால்பந்தாட்டம், இசை நிகழ்ச்சி, பள்ளி விளையாட்டு விழா, நாய்க் கண்காட்சி, திருமணம் என்று எதற்கும் அது இடங்கொடுக்கும். இரண்டு பெரிய ஓடுகளைப் போன்ற கூரை நடுவே பிரிந்து இருபுறமும் நகரும் என்பது அதன் பெருமை. ஆயினும் நிராசாவா வந்த நாள் முதல் அது ஒரு முறைகூடத் திறந்ததில்லை. ஆட்டம் நடக்கும் நாள்களில் அரங்கத்தின் இயக்குநர் குகிமியா மைதானத்தின் நடுவில் வந்து நின்று, வாயில் வழியே தெரியும் வானத்தைப் பார்ப்பார், பின்பு நிராசாவாவைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், பெயரோடு 'சான்' என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்துச் சொல்வார்.

"வானம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நிராசாவா-சான் இருக்காரே... எதுக்கு வம்பு? மூடியே இருக்கட்டும்."

புல்லுக்கு விளக்கு வெளிச்சத்தைத்தான் வெயிலென்று காட்டி ஏமாற்றி வந்தார்கள். பார்வையாளர்கள் கோடையில் இட்டிலிப் பானைக்குள் இருப்பதுபோல் வெந்தார்கள். அவர்களுடைய குறைகளைக் கேட்பதும், மறந்துவிட்டுப் போகும் குடைகளைப் பாதுகாப்பதும் நிராசாவாவின் பணி. கூரை திறவாத அரங்கத்திற்கு மக்கள் ஏன் குடை கொண்டுவந்தார்கள் என்றால், அதற்கும் அவரே காரணம். வாயிலில் நின்று வருவோர்க்கெல்லாம் தலை தாழ்த்துவார்.

"மன்னிக்கணும். என்னாலதாங்க இன்னிக்கும் மூடியிருக்கு."

"ஐயோ, நீங்க என்ன பண்ணுவீங்க! உங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா?" என்று இரசிகர்கள் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். சிலர் கையில் சூடான காப்பி டப்பாவைத் திணித்துவிட்டும் போவார்கள். இத்தகைய பெருந்தன்மையான மக்களுக்கு வானத்தைக் காட்ட முடியாத பாவியாகிவிட்டோமே என்று அவர் உள்ளம் குமையும்.

மகள் மினோரிக்கும், இரசிகர் கூட்டத்தில் முரசு அடிக்கும் தைகாவுக்கும் காதல் மலர்ந்தது அந்த அரங்கத்தின் வடக்குப் படிக்கட்டில். ஆகவே திருமணத்தையும் அங்கேயே நடத்துவதென்று முடிவாயிற்று. அந்தச் செய்தியைக் கேட்ட கணத்திலேயே நிராசாவா தம் சீர்வரிசையைத் தீர்மானித்துவிட்டார்.

"நீ புல்தரையில கால் வைக்கிறப்போ கூரை மெல்ல மெல்லத் திறக்கும், மினோரி. உன் மேல வெயில் விழும். அதுதான் அப்பா உனக்குத் தர்ற சீர்."

மினோரி தாயைப் பார்த்தாள். தாய் சுவரைப் பார்த்தாள்.

"அப்பா, கூரை விஷயத்துல நீங்க சங்கடப்பட வேண்டாம். உங்க ஆபீஸ் நிலைமை எனக்குப் புரியாதா?"

"என்ன நிலைமை? நான் ஒருத்தன்தான் அங்க இருக்கிற நிலைமை. நான் நகந்துட்டா எல்லாம் சரியாயிடும்."

"சரிப்பா. நீங்க அப்படிச் சொன்னா அப்படியே இருக்கட்டும். நான் எதுவும் கேக்கலை. நீங்க வந்து முன்னால உக்காந்தா எனக்கு அது போதும்."

தன் ஆசையை மறைத்துக்கொண்டு தந்தையைத் தேற்றும் மகளின் பண்பை எண்ணி அவர் கண் கலங்கினார். அந்த நிமிடமே, திருமணத்திற்குப் போவதில்லை என்று சபதம் செய்துகொண்டார்.

மாப்பிள்ளையின் தந்தை இசோபே மீன் வியாபாரி. குரல் மட்டும் துறைமுகம் வரை கேட்கும். இரு குடும்பங்களும் கூடி உண்ட அன்று, நிராசாவா கூரையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் உருக்கமாகப் பேசினார். இசோபே சிப்பிச் சூப்பைக் குடித்து முடித்துவிட்டுக் கிண்ணத்தின் அடியில் எதையோ குச்சியால் தட்டினார்.

"எங்க தொழில்ல ஒரு வழக்கம்ங்க, சம்பந்தி. வெந்தும் வாய் திறக்காத சிப்பிகிட்ட நாங்க கெஞ்சிக்கிட்டு நிக்கமாட்டோம். தூக்கிப் போட்டுட்டு அடுத்த வேலையைப் பாப்போம்."

மேசைக்கு அடியில் யாரோ யாரையோ உதைத்த ஓசை கேட்டது. இசோபே முகத்தைச் சுளித்துக்கொண்டு முழங்காலைத் தடவினார்.

"நல்ல வழக்கம். உடம்புக்கு ஆகாது பாருங்க" என்று நிராசாவா மரியாதையாக ஆமோதித்தார்.

மறுநாள் அவர் இயக்குநரின் அறைக்குச் சென்றார்.

"ஐயா, எம் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு என்னை எங்கயாவது வெளியூர் வேலையா அனுப்பிடணும். எவ்வளவு தொலைவோ அவ்வளவு நல்லது."

குகிமியா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "அன்னிக்கா? நீங்க இல்லாமலா?"

"நான் இல்லாட்டித்தானே ஐயா கூரையைத் திறக்க முடியும்!"

இயக்குநரின் முகம் வெளிறியது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பின்பு நெற்றியைத் துடைத்தார். அதன்பின் மேசையையும் துடைத்தார்.

"நிராசாவா-சான், கூரை கெடக்குதுங்க, கூரை! பெத்த அப்பன் இல்லாத கல்யாணம் ஒரு கல்யாணமா? நகரமன்றத் தலைவர் வர்றாரு. 'கூரை ஏன் திறக்கலை?'ன்னு அவர் கேட்டா... இல்ல, 'பொண்ணோட அப்பா எங்கே?'ன்னு அவர் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? குடிநீர்ப் பிரிவுல உங்களை விடமாட்டேன்னு நின்னாங்க. நான்தானே நேர்ல போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தேன்! அந்த உரிமையில கேக்கறேன், நீங்க வந்தே ஆகணும்."

இவ்வாறு கூறிவிட்டு, இடுப்பு முறியுமோ என்று அஞ்சத்தக்க அளவு குனிந்து வணங்கினார். மேலதிகாரி அவ்வளவு குனிந்தால் கீழ்ப்பணியாளர் அதற்கும் கீழே குனிவதுதானே முறை? நிராசாவா குனிந்தார். இயக்குநர் மேலும் குனிந்தார். தேநீர் கொண்டுவந்த பெண் இருவரையும் கண்டு, ஏதோ தொலைத்துவிட்டார்கள் போலும் என்று தானும் தரையில் தேடத் தொடங்கினாள்.

'எப்பேர்ப்பட்ட மனிதர்! என்னைப் போன்ற ஈரத்துணிக்கு இப்படியொரு மேலதிகாரியா?' என்று நெகிழ்ந்தபடி நிராசாவா வெளியே வந்தார். அவருடைய மனத்தைப் புண்படுத்தாமல் காரியத்தை முடிக்க வேண்டுமானால் மழையை வேறு வகையில்தான் முறிக்க வேண்டும்.

மழைக்காரர் இருக்கும் ஊரில் வெயில்காரியும் இருப்பாள். அரங்கத்தின் கீழ்த்தளத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருந்த ஹமாகுச்சி-சான் துணி உலர்த்திய நாளில் மழை பெய்ததாக வரலாறு இல்லை. நிராசாவா அவளிடம் ஓடினார்.

"கல்யாணத்தன்னிக்கு நீங்க எம் பக்கத்துலயே நிக்கணும், ஹமாகுச்சி-சான். என் மழையும் உங்க வெயிலும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கிட்டுச் சரியாப் போயிடும்."

"எவ்வளவு பக்கத்துல?"

"தோளோட தோள் ஒட்டி நின்னா உத்தமம். இடைவெளி இருந்தா நடுவுல தூறிடும்."

"உங்க வீட்டம்மா எங்க நிப்பாங்க?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை.

ஹமாகுச்சி-சான் கரண்டியோடு கையை இடுப்பில் வைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல, நிராசாவா-சான். சரி, வர்றேன். நல்ல காரியத்துக்குத்தானே!"

அன்று மாலையே அந்தச் செய்தி, தோளோடு தோள் என்ற பகுதி மட்டும் சிதையாமல், சுமியேவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் நிராசாவாவின் சாப்பாட்டுப் பெட்டியில் வெறுஞ்சோறும் அதன் நடுவே ஓர் ஊறுகாய்ப் பழமும் மட்டுமே இருந்தன. அந்தப் பழமும் அவரை முறைப்பதுபோல் இருந்தது.

அந்த வாரத்திலேயே மற்றோர் இடி விழுந்தது. அரங்கத்தின் மிகச் சிறந்த நூடுல்ஸ் கடைக்கென்று இயக்குநர் ஒரு பரிசை அறிவித்தார். அரங்கத்தில் இருந்ததே ஒரு நூடுல்ஸ் கடைதான். பரிசு, ஓக்கினாவா தீவுக்கு இன்பச் சுற்றுலா. புறப்படும் நாள், திருமணத்திற்கு ஐந்து நாள் முன்பு; திரும்பும் நாள், திருமணத்திற்கு மறுநாள்.

"மன்னிச்சுக்குங்க, நிராசாவா-சான். கடல்ல குளிச்சு எத்தனையோ காலமாச்சு" என்று ஹமாகுச்சி-சான் வைக்கோல் தொப்பியோடு போய்விட்டாள். அந்த ஊருக்குச் சொந்தமான வெயில் முழுவதும் அவளோடு விமானமேறிவிட்டதாக நிராசாவா உணர்ந்தார்.

வேறு வழியின்றி, குழந்தைகள் வெயில் வேண்டிச் சன்னலில் கட்டும் வெள்ளைத்துணிப் பொம்மைகளை நாடினார். தலைக்குள் பஞ்சு அடைத்து, கழுத்தில் நூல் கட்டி, கண்ணும் வாயும் வரைந்து, அரங்கத்தின் நடைபாதை நெடுகிலும் வரிசையாகத் தொங்கவிட்டார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், பொம்மைகள் அனைத்தும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நேராகத் தொங்கினால் வெயில். தலைகீழாகத் தொங்கினால் மழை. இது பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும்.

அவற்றை நேராக்கினார். மறுநாளும் தலைகீழ்.

"காத்துல திரும்பியிருக்கும்" என்றார் அவ்வழியே வந்த குகிமியா. அவருடைய விரல்களில் வெள்ளை நூல் சுற்றியிருந்தது.

"எல்லாமே ஒண்ணுபோலவா ஐயா?"

"காத்து பாரபட்சம் பாக்குமா, நிராசாவா-சான்? எல்லார் மேலயும் ஒண்ணாத்தான் வீசும்."

நியாயந்தான் என்று நிராசாவாவுக்குப் பட்டது. 'என் கையால் கட்டிய பொம்மைகூட என்னைக் கண்டதும் மழைக்கு வேண்டிக்கொள்கிறது' என்று எண்ணித் தமக்குத் தாமே தலை வணங்கிக்கொண்டார்.

மிஞ்சியது ஓடிப்போவது ஒன்றுதான்.

பஞ்சாங்கத்தில் பார்த்துக் குறித்த அந்த நல்ல நாளில், நீண்ட கறுப்புக் கோட்டும் வெள்ளி நிறக் கழுத்துப்பட்டையும் அணிந்து, "முன்னாடி போய் ஏற்பாட்டைப் பாக்கிறேன்" என்று வீட்டாரிடம் பொய் சொல்லிவிட்டு, நேரே தொடர்வண்டி நிலையத்திற்குப் போனார். தொத்தோரி மணற்குன்றுகளுக்குச் சீட்டு வாங்கினார். மழை பெய்தாலும் மணல் குடித்துவிடும், யாருக்கும் தீங்கில்லை. மகளை மணக்கோலத்தில் காண முடியாதே என்று வருந்தினார். இருப்பினும் வெயிலில் நனையும் வெள்ளை முக்காட்டைக் கற்பனை செய்து ஆறுதலடைந்தார்.

வண்டி வந்தது. ஏறினார். கதவு மூடப் போகும் தறுவாயில் நடைமேடையில் ஒரு கூக்குரல் எழுந்தது.

"பொண்ணோட அப்பா! பொண்ணோட அப்பா!"

படிக்கட்டில்கூட வேகமாக இறங்காத இயக்குநர் குகிமியா, கோட்டின் வால் பறக்க ஓடிவந்துகொண்டிருந்தார். அந்த நாட்டில் தொடர்வண்டி பேரரசருக்காகவும் நிற்காது. குகிமியா உள்ளே பாய்ந்தார், கதவு மூடிக்கொண்டது, வண்டி புறப்பட்டது. ஒரேமாதிரி கறுப்புக் கோட்டணிந்த இருவரும் நெரிசலுக்கிடையே ஒருவரையொருவர் வணங்கத் தொடங்கினார்கள்.

"ஐயா, என்னைப் போக விடுங்க. என் பொண்ணு வெயிலைப் பாக்கட்டும்."

"மாட்டேன், நிராசாவா-சான்! நீங்க இல்லாம இன்னிக்கு என்னால சமாளிக்கவே முடியாது! என் மானமே உங்க கையிலதான் இருக்கு!"

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்படியொரு மேலதிகாரி எங்க வீட்டுக்காரருக்கு வாய்க்கலையே. போங்க ஐயா, இறங்கிப் போங்க."

அது விரைவு வண்டி. அடுத்துவந்த ஊர்கள் எதிலும் நிற்கவில்லை. அது நின்ற ஊரில் இறங்கி, வாடகைக் கார் பிடித்துத் திரும்பி வந்து சேர்வதற்குள் விருந்தினர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வாயிலிலேயே மினோரி நின்றிருந்தாள். கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது.

"எங்கப்பா போனீங்க?"

"உனக்காகத்தான்மா... கொஞ்சம் தொலைவா."

"எனக்கு வானமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்பா. நீங்க இல்லாம உள்ளே போகமாட்டேன்னு நின்னுட்டேன்."

மகளின் கண்ணீரை வருவித்ததுதான் தம் முயற்சியின் பலன். அந்த வகையில் இன்றும் ஈரத்திற்குக் காரணம் தாமே என்று எண்ணியபடி நிராசாவா தலை நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கழுவிக் கவிழ்த்த நீலக் கிண்ணம் போல அது கடல் வரை பளபளத்துக்கொண்டிருந்தது. அவர் நின்றுகொண்டிருக்கிறார், விசேட நாள், மழை இல்லை! கையை நீட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் வெயில் விழுந்தது. பிறந்தது முதல் அவரைத் தொடர்ந்து வந்த மழை எங்கோ வழிதவறிவிட்டது.

"ஐயா! மழை இல்ல! நான் இருக்கேன், மழை இல்ல! திறக்கச் சொல்லுங்க ஐயா!" என்று குழந்தைபோல் கூவிக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஆனால் குகிமியா அதற்குள் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார். "வருகை தந்துள்ள பெரியோர்களே! வானம் தெளிவாக இருப்பினும், நிராசாவா அவர்கள் வந்திருப்பதை முன்னிட்டு, முன்னெச்சரிக்கையாகக் கூரை இன்றும் மூடியே இருக்கும் என்பதை மிகுந்த வருத்தத்துடன்..."

விருந்தினர் அனைவரும் புரிந்துகொண்டதற்கு அடையாளமாகத் தலையசைத்தார்கள். நகரமன்றத் தலைவர் நிராசாவாவை நோக்கி அனுதாபத்தோடு குனிந்தார்.

நிராசாவாவின் உள்ளத்தில் ஏதோ அறுந்தது. வாழ்நாளில் வாய்த்த ஒரே வெயில்! அதுவும் தம் பெயரால் மகளுக்குக் கிட்டாமல் போவதா? மேடையேறினார். ஒலிபெருக்கியை வாங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பொண்ணைப் பெத்தவன். இந்த ஊர் மக்கள் இத்தனை நாளாப் புழுக்கத்துல உக்காந்ததுக்கும், புல்லு வெயில் காணாம வளந்ததுக்கும் நான் ஒருத்தன்தான் காரணம். நான் இப்பவே வெளியே போறேன். ஆத்தைத் தாண்டிப் போய், அந்தக் கரையில நிக்கறேன். நான் போனதும் கூரையைத் திறங்க. எம் பொண்ணு மேல கொஞ்சம் வெயில் படட்டும். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

அவர் நெற்றி முழங்காலைத் தொட வணங்கினார். அரங்கமெங்கும் கைதட்டல் எழுந்தது. நகரமன்றத் தலைவர் எழுந்து நின்று தட்டினார். முரசுக் கூட்டத்தார் கண்ணீரோடு முரசறைந்தார்கள். ஒலிபெருக்கிக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு உரக்க அழுதவர் இயக்குநர் குகிமியா. கூரையை நோக்கி மட்டும் ஒருவரும் தலை நிமிரவில்லை.

நிராசாவா மேடையிலிருந்து இறங்கி வாயிலை நோக்கி நடந்தார். பாதி வழியில் யாரோ அவருடைய கோட்டின் வாலைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தார். மீன் வியாபாரி இசோபே அவரைத் தம் பக்கத்து நாற்காலியில் அமர்த்தி, கையில் சாக்கே என்னும் அரிசி மதுக் கிண்ணம் ஒன்றைத் திணித்து, தம் வாழ்நாளில் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"போதும் சம்பந்தி, மூச்சு வாங்கிக்குங்க, மோட்டார் எரிஞ்சுபோய் இந்தக் கூரை திறக்கவே திறக்காதுன்னு ஊருக்கே தெரியும், ஆனா ஆபீஸ் மானத்தைக் காப்பாத்தச் சொந்தப் பொண்ணு கல்யாணத்துலகூட இப்படித் தத்ரூபமா நடிக்கிற மனுஷனை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்!"